அந்தச் சுவரை மட்டும் விட்டுடு

புத்தூர்
10-1-1960, ஞாயிறு

சமையலறையில் ஒட்டடை அடித்ததிலிருந்து தும்மல் நிற்கவில்லை. மூக்கு சிவந்துபோய் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டுச் சிலந்திகளிடம் வாடகை வசூல் பண்ணினால் நான் பெரிய பணக்காரி.

ஆவணியில் கல்யாணமாகி வந்தேன். தை வரப்போகிறது, இன்னும் யார் வீட்டிலோ விருந்தாளியாகப் படுத்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது. எதை எங்கே வைத்தாலும் அது ஏற்கனவே ஒருத்தி வைத்த இடம். போன வாரம் உப்புச் சாடியை அடுப்புக்கு இந்தப் பக்கம் மாற்றினேன். இவர் சாப்பிடும்போது கை தன்பாட்டுக்குப் பழைய பக்கம் போய் வெறும் பலகையைத் தடவியது. பார்க்கப் பாவமாக இருந்தது. சாடியை நானே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அந்த ஒருத்தி சந்திரம்மா, இவருடைய மூத்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தின மார்கழியில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சுண்ணாம்பு மட்டையைத் தொடவில்லை. இவர் ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீசுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். முன்னறையில் சாக்கு, உடைந்த கட்டில், பழைய பேப்பர், பங்க்சரான சைக்கிள், எல்லாம் கூரை வரை ஏறியிருக்கிறது. ஜன்னல் இருக்கிற அறை அது ஒன்றுதான், அதையும் மறைத்து வைத்திருக்கிறார் மனுஷர்.

மகள் யசோதா நகரியில், பெரியப்பா, அதாவது என் மச்சாண்டார், எத்திராஜ் வீட்டில் இருக்கிறாள். பதின்மூன்று வயது. கல்யாணத்துக்கு வந்து மூலையில் நின்றுவிட்டுப் போனவள்தான். ஞாயிறுக்கு ஞாயிறு இவர் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். இன்றைக்கும் போய் வந்தார்.

"இன்னா சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. வேர்க்கடலை குடுத்தா."

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவளை இங்கே சேர்த்துவிட வேண்டும் என்று இவருக்கு ஆசை. வராவிட்டால் தானே வைத்துப் படிக்க வைக்கிறேன், அப்புறம் கேட்கக்கூடாது என்று மச்சாண்டார் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது இவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

பெண் வர வேண்டுமென்றால் வீடு வீடாக இருக்க வேண்டாமா? இந்தக் குப்பைமேட்டுக்கு யார் வருவார்கள்? போகிக்கு வெள்ளையடித்துவிடலாம் என்றேன். "உம்" என்றார். இவருடைய "உம்"முக்கு நான் ஆயிரம் அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம், நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

அறை காலியானதும் ஜன்னலோரம் என் தையல் மெஷின். அம்மா வீட்டிலிருந்து வந்த நாளாகச் சாக்குக்குள் சுருண்டு கிடக்கிறது, பாவம்.

12-1-1960, செவ்வாய்

முனியப்பன் வந்தார். ஊரில் பாதி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர். வாய் ஓயாது, கையும் ஓயாது.

சாமி படங்களைக் கழற்றினால் பின்னால் பல்லி முட்டை. சாக்குகளை வெளியே போட்டோம். கட்டிலை விறகுக்குக் கொடுத்தோம். ஜன்னலைத் திறந்ததும் வெயில் ஆள் உயரத்துக்கு உள்ளே விழுந்தது. எவ்வளவு பெரிய அறை! இத்தனை நாள் சமையலறை இருட்டில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ரவிக்கை தைத்தேனே என்று வயிறு எரிந்தது.

மூன்று சுவர் ஆனது. ஜன்னலோரச் சுவருக்கு மட்டையைத் தூக்கியபோது, ஆபீசுக்குக் கிளம்பிய இவர் செருப்போடு உள்ளே வந்தார்.

"அந்தச் சுவரு வேணாம். அத்தெ மட்டும் வுட்டுடு."

"சாமி, மூணு பக்கம் வெள்ளையா, ஒரு பக்கம் அழுக்கா இருந்தா, திருப்பதியில பாதி மொட்டை அடிச்சிகினு எழுந்து வந்த மாதிரி இருக்கும்" என்றார் முனியப்பன்.

இவர் படியிறங்கிப் போய்விட்டார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. நான் ஆசையாகக் கேட்டது அந்தச் சுவர் ஒன்றுதானே?

கிட்டே போய்ப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. புரிந்ததும் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நெஞ்சுயரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் பூச்சு. அதன் கீழ் ஓரத்தில் வரிசையாக மூன்று சிவப்புப் பொட்டு.

பூவாடைக்காரி.

எனக்கா தெரியாது? திருத்தணியில் எங்கள் வீட்டு நடுச்சுவரில் இதே மாதிரிதான் இருக்கும். சுமங்கலியாகப் போனவளைச் சுவரில் மஞ்சளும் பொட்டுமாக வைத்துக் கும்பிடுவது. நல்லது கெட்டது எதுவானாலும் முதல் புடவை, முதல் பூ அவளுக்கு. எங்கள் வீட்டில் அது நைனாவுடைய மூத்தாள். ஆமாம், என் அம்மாவும் இரண்டாவதாக வந்தவள்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சுவருக்கு மஞ்சள் பூசுவாள். "நான் வாழற வாழ்வு அவ வுட்டுட்டுப் போனதுடி. அவளாண்ட ஒரு வார்த்தை கேட்டுகினு வாழறதுல இன்னா கொறைஞ்சிடுவேன்?" என்பாள்.

இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். சந்திரம்மா பேரே இந்த வீட்டில் சத்தமாக ஒலித்ததில்லை.

முனியப்பனிடம் மட்டையைக் கழுவச் சொல்லிவிட்டேன். மெஷினைச் சமையலறை மூலையிலேயே போட்டாயிற்று. சாமி இருக்கிற இடத்தில் நான் மிதியைத் தட்டிக்கொண்டு உட்காரக் கூடாது.

13-1-1960, போகி

பரண் சுத்தம். பழைய பாய், முறம் எல்லாம் தீயில் போனது. ஒரு பிஸ்கோத்து டப்பாவில் இரண்டு பொட்டலம் இருந்தது. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. பூவாடைக்காரிக்கு வாங்கி வைத்தது போலிருக்கிறது. பத்திரமாக எடுத்து வைத்தேன்.

15-1-1960, வெள்ளி

இன்றைக்கு முதல் பூசை போட்டேன். மஞ்சள் ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது. அந்த டப்பாப் பொடியையே தண்ணீரில் குழைத்துப் பூசினேன். வாசமே இல்லை. இரண்டு வருஷப் பழசு, வாசம் எங்கே இருக்கும். கை தாராளமாகப் போய் சாண் அகலம் முழ அகலமாகிவிட்டது. பரவாயில்லை, பெரிய மனுஷிக்குப் பெரிய இடம். பொட்டின் மேல் புதுக் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சாத்தி, மனசுக்குள் சொன்னேன்: அக்கா, உன் பெண்ணை இந்த வீட்டுக்கு வர வை. நான் ஒன்றும் அவளைக் கடித்துத் தின்ன மாட்டேன்.

திரும்பினால் வாசலில் இவர். எத்தனை நேரமாக நின்றாரோ. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

22-1-1960, வெள்ளி

இன்று இவரே பூ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். எனக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று. கேட்காமலே!

7-2-1960, ஞாயிறு

நேற்று திருப்பதி. மலையேறிச் சேவித்துவிட்டு இறங்கி, கடைத்தெருவில் நான் கண்டதையெல்லாம் கேட்டேன், இவர் கண்டதற்கெல்லாம் "உம்" சொன்னார். சட்டம் போட்ட பெருமாள் படம், ஆளுயரத்தில் பாதி வரும் கண்ணாடி ஒன்று, வாசலுக்குக் கிளி போட்ட மணித் தோரணம். ரயிலில் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி காப்பாற்றி வந்தேன்.

இன்றைக்குக் காலையிலிருந்து முன்னறையில்தான். கண்ணாடியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். இது நைனா சொல்லிக்கொடுத்தது. திருத்தணியில் மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்தார். கூடைக்குப் பின்னால் ஒரு பெரிய கண்ணாடி சாய்த்திருப்பார். ஒரு கூடைப் பூ இரண்டு கூடையாகத் தெரியும். "வெளிச்சம் ஓசிடி. ஓசில கெடைக்கிறத எதுக்கு வுடணும்?" என்பார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி இறங்குகிற நாட்களில் அந்தக் கண்ணாடிக்குள் மலையே அசைந்து அசைந்து வரும். நான் கடைப் பலகையில் உட்கார்ந்து வாசலைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை வருஷம் ஆயிற்று! இன்றைக்கு இந்தக் கண்ணாடிக்குள் எதிர்வீட்டுக் கருவேப்பிலை மரம்தான் வந்தது. வந்தவரை லாபம்.

பீரோவை நடுவிலிருந்து மூலைக்குத் தள்ளினோம். நடக்க வழி கிடைத்தது. என் பழைய பச்சைச் சேலையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை. சாக்குக்கு ஓரத்தில் சிவப்புத் துணி தைத்து மிதியடி. இவருக்கென்று ஒரு ஸ்டூல், அதன் மேல் ஆணியில் குடை, ஆபீஸ் சாவி, மூக்குக்கண்ணாடிக் கூடு.

ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தினம் கண்ணாடியைத் தேடறதுக்கே கால் மணி நேரம் போகும். பரவால்ல" என்றார். அதுவே எனக்குப் பட்டுப்புடவை வாங்கித் தந்த மாதிரி.

சந்திரம்மா வைத்திருந்த பழைய மர அலமாரியை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னறைக்குத் தள்ளினேன். தள்ளும்போது மனசு கொஞ்சம் குத்தியது.

உகாதிக்கு யசோதாவை அழைத்து வருவதாக மச்சாண்டார் சொல்லியிருக்கிறார். எல்லாம் அவள் கண்ணுக்குத்தான்.

28-3-1960, உகாதி

வரவில்லை.

மாவிலை கட்டி, போளி மாதிரி ஒப்பட்டு தட்டி, புதுப் பாவாடை தைத்து மடித்து வைத்து — எல்லாம் பண்ணிக் காத்திருந்தேன். மச்சாண்டார் மட்டும் கையை வீசிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா பண்றது? வரமாட்டேன்னு அடம். முனியப்பன் அங்க சுண்ணாம்பு அடிக்க வந்தான். 'புத்தூர்ல புது அம்மா வூட்டையே தலைகீழா மாத்திடுச்சி, பழசு ஒண்ணும் பாக்கி இல்ல'ன்னு பெருமையா சொல்லிகினு போய்ட்டான். அன்னியிலேர்ந்து சோறு கூட சரியா துன்ன மாட்டேன்றா. 'இனிமே நான் அங்க இன்னாத்துக்குப் போகணும்'னு கேக்கறா."

என்னைப் புகழ்ந்து பேசி என் குடியைக் கெடுத்தான் பாவி! நான் என்ன மாற்றினேன்? குப்பையை வாரினால் அது தப்பா? ஒரு வெளிச்சத்தை உள்ளே விட்டால் அது பாவமா? யாருக்காகச் செய்தேன்? சாப்பிடவும் பிடிக்கவில்லை. ஒப்பட்டை எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை திரும்பப் பேசி அழுதிருப்பேன்.

1-4-1960, வெள்ளி

எல்லைக்கோடு மாறி, இன்று முதல் என் அம்மா வீடு திருத்தணி சென்னை ராஜ்யம், நான் இருக்கிற புத்தூர் ஆந்திரா. ஸ்டேஷனில் எல்லாரும் அதையே பேசுகிறார்களாம். "இனிமே ஒன்ன உன் அம்மா வூட்டுக்கு அனுப்பணும்னா வேற ராஜ்யத்துக்கு அனுப்பற மாதிரி" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவருக்குப் பூ வைத்தேன்.

15-4-1960, வெள்ளி

வருஷப் பிறப்புக்குத் திருத்தணி போய்விட்டு நேற்று திரும்பினேன். எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ஊரெல்லாம் தோரணம். ராஜ்யம் சேர்ந்த சந்தோஷத்தில் வெடித்த வெடிக் காகிதம் இன்னும் சாக்கடையில் கிடந்தது. எனக்கும் சந்தோஷம்தான். வீட்டு வாசலில் கால் வைக்கிற வரைக்கும்.

உள்ளே சுவரெல்லாம் ரோஸ். தம்பி சின்னசாமியின் பெண்டாட்டி டிஸ்டெம்பர் அடிக்க வைத்திருக்கிறாள். இட்லிக்கடை மாதிரி இருந்தது.

எங்கள் வீடு நீலம். அம்மா ஒவ்வொரு தைக்கும் நீலக்கட்டியைத் துணியில் முடிந்து சுண்ணாம்பு அண்டாவில் அலசுவாள். ஒரு வருஷம் கொஞ்சம் தூக்கலாகும், ஒரு வருஷம் வெளுப்பாகும். நிறத்தைப் பார்த்தே எந்த வருஷம் என்று சொல்லிவிடுவோம். தம்பி பிறந்த வருஷம் நல்ல நீலம். நைனா போன வருஷம் அம்மா முடிச்சைச் சரியாகக் கட்டவில்லை, சுவரில் திட்டுத்திட்டாக இருந்தது. மத்தியானம் தரையில் படுத்து அந்தச் சுவரைப் பார்த்தால் கோடை வெயில்கூடக் குளிரும். நான் பெரியவளானது, படித்தது, முதல் ரவிக்கை தைத்தது, அம்மாவை எடுத்துக்கொண்டு போனது, எல்லாம் அந்த நீலத்துக்குள்தான். அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பூசி மூடிவிட்டார்கள்.

"கேக்காம எப்பிடிடா அடிச்ச?" என்று கத்தினேன்.

"ராஜ்யமே மாறிப்போச்சி, சுவரு மாறக்கூடாதா? நீதான் கட்டிகினு போய்ட்டியே அக்கா" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. அவன் பெண்டாட்டி பாவம், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக் காத்திருந்தாளாம். மூஞ்சி சுண்டிப் போய்விட்டது.

பூவாடைக்காரியை மட்டும் விட்டு வைத்திருக்கிறாள். அந்தளவுக்குப் பயம் இருக்கிறது. பக்கத்தில் போய் நெற்றியை வைத்துக் கும்பிட்டேன். கும்மென்று மஞ்சள் வாசம். புத்தூரில் இந்த வாசம் வருவதில்லையே, அடுத்த தடவை நல்ல மஞ்சளாக வாங்க வேண்டும்.

ரயிலில் வரும்போது அழுதேன். நகரி ஸ்டேஷனில் வண்டி நின்றது. யாரோ ஒரு பெண் வேர்க்கடலை விற்றாள். சட்டென்று யசோதா ஞாபகம். முப்பத்தொரு வயசுக் கழுதை எனக்கே ஒரு நீலத்துக்கு இப்படி வயிறு பற்றுகிறதே, பதின்மூன்று வயசுக்கு? அவளுக்கு அந்த வீட்டில் நான்தானே ரோஸ் டிஸ்டெம்பர்?

17-4-1960, ஞாயிறு

இவரோடு நானும் நகரி போனேன். முதல் தடவை.

ஓரகத்தி செங்கம்மா அக்கா, "வா வா, மொதல்ல துன்னு, அப்புறம் பேசு" என்று இலை போட்டுவிட்டாள். யசோதா ஒதுங்கிப் போய்க் கொல்லைக் கதவோரம் நின்றாள். அப்படியே இவருடைய மூக்கு. நான் சாப்பிட்டுக் கைகழுவும் சாக்கில் அவளிடம் போனேன்.

என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஜன்னலோரச் சுவத்த நான் தொடல" என்றேன்.

முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது கீதா? அந்த மஞ்சள்?"

"கீது. உங்க நைனா அடிக்க வாணாம்னுட்டாரு. நானும் வெள்ளிக்கிழமை தவறாம பூ வெச்சி, பொட்டு வெச்சி..."

"பூவா? எதுக்கு?"

எதுக்கு என்று கேட்கிறதே இந்தப் பெண்! அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை போலிருக்கிறது, தாயில்லாப் பிள்ளை. "வந்து பாரு" என்று மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பும்போது வேர்க்கடலைப் பொட்டலம் இரண்டு வந்தது.

8-5-1960, ஞாயிறு

வந்தாள்.

மச்சாண்டார் கூட்டி வந்தார். டிரங்குப் பெட்டி இல்லை, ஒரு பை மட்டும். சாயந்திர வண்டிக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. கிளித் தோரணத்தைத் தலையால் இடித்துக்கொண்டு நேரே உள்ளே போனாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை, நான் தைத்து வைத்த தலையணை உறையைப் பார்க்கவில்லை. அத்தனை நாள் பாடுபட்டு அலங்காரம் பண்ணினேனே, ஒன்றுக்கும் மரியாதை இல்லை. சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது ஏன் இவ்ளோ பெருசா ஆயிடுச்சி?"

"ஓரம் உதிர்ந்திருந்திச்சி. பரண்மேல இருந்த மஞ்சளத்தான் கொழைச்சிப் பூசினேன்."

"பிஸ்கோத்து டப்பாவுல இருந்ததா?"

"ஆமா."

என் முகத்தைப் பார்த்தாள். வாடிய கதம்பத்தைப் பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது மஞ்சள் இல்ல! செவுத்துக்கு அடிக்கிற கலரு! நீங்க கலருக்கா பூ வெச்சிகினு இருந்தீங்க?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மச்சாண்டார் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பூவாடைக்காரிக்குச் செய்கிறதெல்லாம் நகரியில் மச்சாண்டார் இருக்கிற பெரிய வீட்டில்தானாம். புடவைப் பெட்டிகூட அங்கேதான் இருக்கிறதாம். இந்த வீட்டில் அந்த வழக்கமே கிடையாதாம். வெட்கத்தில் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான்கு மாசம்! பொடியைக் குழைத்து, பயபக்தியோடு, அக்கா அக்கா என்று வேண்டிக்கொண்டு!

யசோதா சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். அந்த மார்கழியில் சந்திரம்மா இந்த அறையைப் புதுசாக்க ஆசைப்பட்டாளாம். சாக்கையெல்லாம் தள்ளிவிட்டு ஜன்னலோரம் மகளுக்குப் படிக்க ஓர் இடம். சுவருக்கு மஞ்சள் நன்றாக இருக்குமா என்று ஒரு சாண் பூசிப் பார்த்தாளாம். கீழே காவிப் பட்டை வேண்டுமா என்று கேட்டதற்கு இவள் சிவப்பில் விரலை விட்டு மூன்று இடத்தில் வைத்துக் காட்டினாளாம்.

"நல்லா கீதுடி, பொங்கலுக்கு அடிச்சிக்கலாம்னு சொன்னாங்க. மறுநாள் காய்ச்சல்..."

எழுந்து வெறும் கையால் குங்குமத்தைத் துடைத்தாள். அடியில் காவியில் மூன்று சின்னப் புள்ளி. தன் விரலை அதன் மேல் வைத்தாள். விரல் இப்போது பெரிதாகிவிட்டது, புள்ளி மறைந்து போனது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதேன். கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று கை பாதியில் நின்றது. கடைசியில் அவள்தான் என் தோளில் மூக்கைத் துடைத்தாள்.

"முனியப்பன் சொன்னதக் கேட்டு, இதையும் அழிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். அதான் வரல."

சாயந்திர வண்டிக்கு மச்சாண்டார் மட்டும் போனார்.

9-5-1960, திங்கள்

இவரைக் காலையில் பிடித்தேன். "ஒங்களுக்கு அது கலருன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்யா சொல்லல? என்ன பைத்தியக்காரின்னு நெனச்சீங்களா?"

ரொம்ப நேரம் குடையை மாட்டிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் நின்றார். பிறகு சொன்னார்: "அவ கை கடைசியா பட்ட எடம் அது. நான் அதுக்குச் சாக்க அடுக்கத்தான் தெரிஞ்சிகினேன். நீ வந்து பூ வெச்ச. இன்னான்னு சொல்லி ஒன்ன நிறுத்தறது?"

இவர் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார்.

15-5-1960, ஞாயிறு

முனியப்பன் வந்தார். என்னைக் கண்டதும் பதுங்கினார். "பெருமையாத்தான் சொன்னேன்மா" என்றார். சரி போங்கள் என்று விட்டேன்.

யசோதா சொன்னது: சுவர் முழுக்க அந்த மஞ்சள், கீழே காவிப் பட்டை, அம்மா சொன்ன மாதிரியே. எனக்குத்தான் மனசு வரவில்லை. "அது அழிஞ்சிடுமேடி" என்றேன்.

"அழிக்கல. பெருசாக்கறோம். நீங்கதான் ஏற்கனவே ஆரம்பிச்சிட்டீங்களே."

வாய்க்கு வாய் பதில்! யார் கற்றுக்கொடுத்தார்களோ.

டப்பாவில் மிஞ்சியதோடு கடைப்பொடியும் சேர்த்துக் கலக்கினார் முனியப்பன். பட்டைக்குக் கயிறு பிடித்தது நானும் அவளும். பின்னறையிலிருந்து சந்திரம்மாவின் அலமாரி திரும்ப வந்தது, யசோதாவின் புத்தகத்துக்கு. ஜன்னலுக்கு ஒரு பக்கம் அவள் பலகை, ஒரு பக்கம் என் மெஷின். காலையில் வெயில் மஞ்சளில் பட்டு, எதிர்க் கண்ணாடியில் விழுந்து, அறை முழுக்க வந்தது. நைனா இருந்திருந்தால் ஓசி வெளிச்சம் என்று சொல்லியிருப்பார்.

காய்ந்த பிறகு பார்த்தால், நான் நான்கு மாசம் பூசிய இடம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிகிறது. மறுபடி ஒரு கை அடிக்கட்டுமா என்று முனியப்பன் கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம்.

20-5-1960, வெள்ளி

பழக்கத்தில் பூவோடு போய் நின்றுவிட்டேன். "வெச்சிட்டுத்தான் வாங்களேன்" என்றாள் யசோதா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். வைத்தேன்.

12-6-1960, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம். சேர்த்தாயிற்று. பெட்டி நகரியிலிருந்து வந்துவிட்டது. செங்கம்மா அக்கா கூடவே ஒரு படி கடலையும் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

மத்தியானம் யசோதா கேட்டாள்: "திருத்தணியில ஒங்க வூடு இன்னா கலரு?" நீலம் என்றேன். எந்த நீலம் என்றாள். வாயால் எப்படிச் சொல்வது? வானம் என்றால் வானம் இல்லை. சட்டை நீலமும் இல்லை. சரி பார் என்று நீலக்கட்டியைத் துணியில் முடிந்து, ஒரு செம்புச் சுண்ணாம்பில் அலசி, பின்னறைச் சுவரில் ஒரு சாண் பூசிக் காட்டினேன். கொஞ்சம் காய்ந்ததும் சரியாக வந்தது. தம்பி பிறந்த வருஷத்து நீலம். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கைக்குள் அம்மா கை இருக்கிற மாதிரி இருந்தது.

"நல்லா கீது" என்றாள்.

நானும் யோசிக்காமல், "பொங்கலுக்கு அடிச்சிக்கலாம்" என்றேன்.

முகத்தில் ரத்தமே இல்லை அவளுக்கு. ஏன் என்று எனக்குப் புரிவதற்குள் என் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினாள்.

"பொங்கல் வாணாம். இப்பவே அடிங்க."

"இப்பவா? மட்டை ஏதுடி? முனியப்பன்..."

"இப்பவே சின்னம்மா. இன்னிக்கே. பூரா சுவரும்."

செம்பைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்கிறதா என்று. நல்ல வேளை, எனக்கு ஒன்றும் இல்லை, ஜில்லென்றுதான் இருந்தேன்.

இவர் எழுந்துபோய் முனியப்பன் வீட்டிலிருந்து மட்டை வாங்கி வந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான்கு சுவரும் முடிந்தது. திட்டுத்திட்டாகத்தான் வந்திருக்கிறது, நாங்கள் என்ன வெள்ளையடிக்கிறவர்களா? யசோதா இந்த அறையில்தான் படுப்பேன் என்று ஈரம் காயாத தரையிலேயே பாயை விரித்துவிட்டாள். சுண்ணாம்பு நெடிக்கு இரண்டு பேரும் தும்மிக்கொண்டிருக்கிறோம்.